பி-4 அறையின் கணக்கைக் காட்டுங்கள்: எங்கள் பள்ளி மாவட்ட அறங்காவலர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியாவில் எங்கள் பகுதிப் பொதுப் பள்ளிகளை நடத்தும் அறங்காவலர் குழு உறுப்பினர்களுக்கு,

ஜூன் கூட்டத்தில் பேச எனக்கு ஒரு நிமிடம் கொடுத்தீர்கள். வழக்கமாக மூன்று நிமிடம். அன்று பெயர் கொடுத்தவர்கள் அதிகம் என்று ஒன்றாகக் குறைத்துவிட்டீர்கள். என் பையன் படித்த பி-4 வகுப்பறை எங்கே இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. சொல்ல வந்ததை முழுதாக இங்கே எழுதுகிறேன். இதன் ஆங்கிலச் சுருக்கம் உங்கள் ஐந்து பேருடைய மின்னஞ்சலிலும் கிடக்கிறது. தமிழில் எழுதக் காரணம் உண்டு. வரும் நவம்பரில் புதிய பாண்டுக்கு, அதாவது பள்ளிக் கட்டடங்களுக்காக வாக்காளர் சம்மதத்தோடு வாங்கும் கடனுக்கு, நீங்கள் வாக்குக் கேட்கப்போகும் வீடுகளில் எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளும் அடக்கம். 2018 பாண்டுக்காக அந்தக் கதவுகளைத் தட்டி, "பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தானே, யெஸ் போடுங்க" என்று கேட்டவன் நான். உங்களிடம் நான் கேட்பது என்ன என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

நடந்தது இதுதான். உங்கள் கூட்ட நிரலில் கன்சென்ட் அஜெண்டா என்று ஒரு பகுதி வரும். பேருந்துக்கு டயர், அச்சுக்குக் காகிதம், சுற்றுலாவுக்கு அனுமதி என்று விவாதம் தேவைப்படாத சில்லறை விஷயங்களைச் சேர்த்துக் கட்டி ஒரே வாக்கெடுப்பில் முடித்துவிடும் பகுதி. ஜூன் கூட்டத்தில் அந்த மூட்டைக்குள் ஒரு வரி இருந்தது. எங்கள் தொடக்கப் பள்ளியின் நான்கு போர்ட்டபிள் வகுப்பறைகளை, அதாவது லாரியில் கொண்டுவந்து வைத்த தற்காலிக அறைகளை, எடுத்துவிட்டு நிரந்தர அறைகள் கட்ட 2018 பாண்டில் ஒதுக்கிய பணத்தை, உயர்நிலைப் பள்ளி மைதானத்தின் செயற்கைப் புல்லுக்கும் கோபுர விளக்குக்கும் மாற்றிவிடுவது. ஒருவர்கூட அந்த வரியைத் தனியாக எடுத்துப் பேசவில்லை. ஐந்து பேரும் "ஆம்" என்றீர்கள்.

அதே இரவு, இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு ஆலோசகர் வந்து புதிய பாண்டுக்கான கருத்துக்கணிப்பைத் திரையில் போட்டார். எந்தச் சொல்லைப் போட்டால் வாக்காளர் மனம் இளகும் என்று பட்டியல். "பாதுகாப்பான, ஆரோக்கியமான வகுப்பறைகள்" என்பதுதான் முதலிடமாம். மைதானம் கடைசியில் இருந்தது. அவர் அதைச் சொல்லும்போது உங்களில் யாராவது ஒருவர் தலையைக் குனிவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பி-4 எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தார் போட்ட விளையாட்டுத் தரையைத் தாண்டி, வேலியை ஒட்டி வரிசையாக நிற்கும் பெட்டிகளில் நான்காவது. தொழிற்சாலையில் செய்து, இரண்டு பாதியாக லாரியில் கொண்டுவந்து, நடுவில் சேர்த்துத் திருகிய அறை. 1996இல் கலிஃபோர்னியா அரசு, மூன்றாம் வகுப்பு வரைக்கும் வகுப்புக்கு இருபது பிள்ளைகள் போதும் என்று சொல்லி அதற்குப் பணமும் கொடுத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைக்க அறை வேண்டுமே! மாநிலம் முழுக்க மைதானங்களில் போர்ட்டபிள்கள் வந்து இறங்கின. எங்கள் பள்ளிக்கு 1997இல் வந்ததாக, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியவர் சொல்கிறார். அவருடைய கடைசிப் பையன் அப்போது மூன்றாம் வகுப்பு. "தற்காலிகம் என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள்" என்பார். அந்தப் பையனுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

அறைக்கு ஏறும் மரச் சரிவின் ஓரம் உளுத்துப்போய், விரலால் அழுத்தினால் தூளாக வருகிறது. உள்ளே நுழைந்து இடது பக்கம் நான்கு அடி வைத்தால் கம்பளத்துக்கு அடியில் தரை அமுங்கும். பிள்ளைகள் அதற்கு ட்ராம்போலின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெற்றோர் சந்திப்புக்குப் போன அன்று என் பையன் பெருமையாக அதன்மேல் ஏறி நின்று காட்டினான். ஜனவரி மழைக்குப் பிறகு அறையில் நனைந்த சாக்கு வாடை வரும். அதெல்லாம்கூடப் போகட்டும். சுவரில் மாட்டியிருக்கும் ஏசி பெட்டிதான் விஷயம்.

அந்தப் பெட்டி ஓடும்போது ஆசிரியர் பேசுவது மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. ஆசிரியரின் தொண்டை என்ன செய்யும்? அவர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பாடம் சொல்லிக்கொடுக்கும்போது ஏசியை அணைத்துவிடுவது, பிள்ளைகள் எழுதும்போது போடுவது. கரும்பலகை ஓரத்தில் அதற்கு ஒரு கால அட்டவணையே இருக்கிறது. கேட்கும் நேரம், குளிரும் நேரம். எட்டு வயதுப் பிள்ளைகள் இதை ஏதோ இயற்கை விதி மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "அப்பா, உங்க ஆபீஸ்ல குளிர்ற நேரம் எப்போ?" என்று என் பையன் கேட்டான்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் ஆசிரியரின் அனுமதியோடு என் ஃபோனில் சத்தத்தை அளந்து பார்த்தேன். பெட்டி ஓடும்போது 62 டெசிபல் காட்டியது. ஃபோன் ஒன்றும் ஆய்வகக் கருவி இல்லை, நான்கைந்து கூடக் குறைய இருக்கலாம். ஆனால் காலி வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தர அளவு. அந்த வித்தியாசத்தை எந்த ஃபோனின் தலையிலும் கட்ட முடியாது.

காற்றை வடிகட்டவும் இந்தப் பெட்டியைத்தான் நம்பியிருக்கிறோம். 2018 நவம்பர் 6ஆம் தேதி நாம் பாண்டில் வென்றோம். 8ஆம் தேதி வடக்கே பாரடைஸ் ஊரில் காம்ப் ஃபயர் என்ற காட்டுத்தீ பற்றிக்கொண்டது. அடுத்த வாரம் இங்கே சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி முழுக்கப் புகை. 16ஆம் தேதி பள்ளிகளை மூடினோம். உங்கள் துண்டறிக்கையில் "நவீன காற்று வடிகட்டிகள்" என்று எழுதியிருந்தது அன்றைக்கு எனக்கு ஜோசியம் மாதிரி பட்டது. எட்டு ஆண்டு ஆகப்போகிறது. என் மகள் அந்த வருடம் கிண்டர்கார்டன். பிறகு பி-4இல்தான் மூன்றாம் வகுப்புப் படித்தாள். 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் வெயில் நூறு டிகிரியைத் தாண்டிப் போனபோது பக்கத்து அறையில் நான்காம் வகுப்பு. அன்று அந்த அறையின் பெட்டி நின்றுபோய், பிள்ளைகளை நூலகத் தரையில் உட்காரவைத்தார்கள். இந்த வருடம் பி-4இல் மூன்றாம் வகுப்பு படித்தது என் பையன். அவனும் முடித்துவிட்டான். ஆகஸ்டில் இன்னொரு வகுப்பு வந்து உட்காரும்.

இனி பணக் கதைக்கு வருவோம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் நவம்பரில் வாக்குப் போடப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய ப்ராப்பசிஷன் 13 வந்தபிறகு வீட்டு வரி என்பது அடிப்படையில் வாங்கிய விலையின் ஒரு விழுக்காடு. அந்த மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. கட்டடம் கட்டப் பெரிய பணம் வேண்டுமென்றால் பள்ளி மாவட்டம் மக்களிடம் வந்து கேட்டே ஆக வேண்டும். கடன் பத்திரம் விற்றுச் சந்தையில் பணம் திரட்டுவது, அசலையும் வட்டியையும் எங்கள் வீட்டு வரியில் ஒரு தனி வரியாகச் சேர்த்து இருபது, முப்பது ஆண்டு வசூலிப்பது. இதுதான் பாண்ட். 2000 வரைக்கும் இதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் ப்ராப்பசிஷன் 39 அதை 55 விழுக்காடாக இறக்கியது.

சும்மா இறக்கவில்லை. என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்ற பட்டியலை வாக்குக்கு முன்பே காட்ட வேண்டும், அந்தப் பணத்தில் ஆசிரியர், நிர்வாகிகளுக்குச் சம்பளம் போடக் கூடாது, வருடா வருடம் நிதித் தணிக்கையும் செயல் தணிக்கையும் நடக்க வேண்டும், பெற்றோர், முதியோர் அமைப்பு, வணிகர், வரி செலுத்துவோர் சங்கம் ஆகியவற்றிலிருந்து ஆள் எடுத்துக் குறைந்தது ஏழு பேர் கொண்ட மேற்பார்வைக் குழு அமைக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வைத்தார்கள். அதாவது நூற்றுக்கு அறுபத்தேழு பேர் சம்மதிக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தைந்து பேர் போதும் என்று மக்கள் பிடியை விட்டார்கள். அதற்கு விலையாக வாங்கியதுதான் இந்தக் கணக்குக் காட்டும் கடமை.

எங்கள் மாவட்டத்தில் அந்த மேற்பார்வைக் குழுவில் இன்று மூன்று நாற்காலி காலி. முதியோர் அமைப்பின் இடம், வரி செலுத்துவோர் சங்கத்தின் இடம், ஒரு பெற்றோர் இடம். கேள்வி கேட்கக்கூடியவர்கள் என்று யாரை நினைப்போமோ அவர்களுடைய இடங்களே காலியாக இருப்பது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். இணையதளத்தில் கடைசியாகப் போட்ட கூட்டக் குறிப்பு போன வருடம் ஏப்ரலில். நிதி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். கூட்டம் நடத்த உறுப்பினர் எண்ணிக்கை போதவில்லை என்று பதில் வந்தது. உறுப்பினரை நியமிப்பது யார்? நீங்கள்.

மறு ஒதுக்கீடு சட்டப்படி சரி என்று உங்கள் வழக்கறிஞர் சொன்னார். சரிதான், நானும் 2018 திட்டப் பட்டியலை எடுத்துப் படித்தேன். "தேவைக்கேற்ப வகுப்பறைகள், விளையாட்டு வசதிகள், கட்டட அமைப்புகளைப் பழுதுபார்த்தல், மாற்றுதல், மேம்படுத்துதல், எல்லாப் பள்ளிகளிலும்." ஒரு ஊரையே இதற்குள் அடக்கிவிடலாம். ஆனால் வீட்டுக்கு வந்த துண்டறிக்கையில் புல்லும் இல்லை, விளக்கும் இல்லை. ஒழுகும் கூரையும், வேலியோரத்துப் போர்ட்டபிள் ஒன்றும்தான் படமாக இருந்தன. அது பி-4இன் படம். அந்த மரச் சரிவை எனக்கு அடையாளம் தெரியும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1958இல் கடம்பத்தூரில் தொடங்கி, காமராஜர் ஆட்சியில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்கள் பள்ளிக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். கரும்பலகை, மணி, பெஞ்சு, கொஞ்சம் வசதி இருந்தால் ஒரு அறை. நான் படித்த பள்ளியிலும் எல்லாவற்றிலும் "உபயம்" என்று எழுதி, கொடுத்தவர் பெயர் இருக்கும். ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் மூன்று இறக்கையிலும் பெயர். ட்யூப் லைட்டில் எழுதிய பெயரே பாதி வெளிச்சத்தை மறைத்துவிடும். நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இன்றைக்கு யோசித்தால் அந்தக் கிறுக்கு ஏற்பாட்டில் ஒரு வசதி இருந்தது. கொடுத்த பணம் எங்கே என்று கேட்டால், அண்ணாந்து பார் என்று சொல்லிவிடலாம்.

உங்கள் பதவிக்கு நாங்கள் அறங்காவலர் என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஊரில் கோயில் சொத்தைப் பார்த்துக்கொள்பவருக்கும் அதே பெயர். கணக்குக் கேட்டால் அவர் கோபித்துக்கொள்வதில்லை என்று சொன்னால் பொய். கோபித்துக்கொள்வார். ஆனால் காட்டித்தான் ஆக வேண்டும்.

நான் விளையாட்டுக்கு எதிரி இல்லை. இன்னும் இரண்டு வருடத்தில் என் மகள் அதே மைதானத்தில் ஓடுவாள். அங்கே குழிகள் இருப்பதும் தெரியும். என் கேள்வி வேறு. செயற்கைப் புல் பத்து வருடம் தாங்கினால் பெரிய விஷயம். அதை முப்பது வருடக் கடனில் வாங்கினால், முதல் புல்லைச் சுருட்டிக் குப்பையில் போட்டபிறகும் இருபது வருடம் அதற்கு வட்டி கட்டுவோம். இரண்டாவது புல்லுக்கு இன்னொரு பாண்ட் வரும். வீட்டுக் கடனில் செருப்பு வாங்குகிற கணக்கு இது.

கடனை எப்படி வாங்கக் கூடாது என்பதற்கும் இந்த மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. 2011இல் சான் டியாகோ பக்கம் பவே பள்ளி மாவட்டம் சுமார் 105 மில்லியன் டாலர் திரட்டியது. இருபது வருடத்துக்கு மேல் ஒரு டாலரும் கட்ட வேண்டாம், வட்டி சேர்ந்துகொண்டே போகும் என்ற வகைப் பத்திரம். திருப்பிக் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட ஒரு பில்லியன். அது வெளியே வந்து நாறியபிறகுதான், இந்த வகைக் கடன் 25 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மொத்தம் திருப்பிக் கட்டுவது வாங்கியதைப் போல நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. நான்கு மடங்கு வரைக்கும் பரவாயில்லை என்பது எனக்கு இன்னும் நெஞ்சில் குத்துகிறது. உங்கள் ஆலோசகரின் திரையில் கடன் வகை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இந்தப் பணம் யாருடையது? ஆலோசகர் சொன்ன அளவு, லட்சம் டாலர் மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலர். எங்களைப் போன்ற ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் அதுதான். வரிக் கணக்கில் என் வீட்டின் மதிப்பு ஒன்றேகால் மில்லியன் டாலர். எனக்கு ஆண்டுக்கு 750. முன்னால் சொன்ன பெரியவர் 1986இல் வீடு வாங்கியவர், அவருடைய மதிப்பு மூன்று லட்சத்தைச் சுற்றி. அவருக்கு 180. ஒரே தெரு, ஒரே மாதிரி வீடு. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, சட்டம் அப்படி. ஆனால் சமீபத்தில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள்தான் இந்தத் தெருக்களில் பாண்டின் பெரும் பங்கைச் சுமக்கின்றன. அவர்களில் பாதிப் பேருக்கு வாக்கும் கிடையாது. எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார்கள், கிரீன் கார்டு வரிசையில் பத்து, பதினைந்து வருடமாக நிற்கிறார்கள். வரி கட்டலாம், பிள்ளையை பி-4இல் உட்காரவைக்கலாம், வேண்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நானே 2018இல்தான் குடியுரிமை வாங்கினேன். நான் போட்ட முதல் வாக்குச் சீட்டில் இருந்தது உங்கள் பாண்ட்.

அந்தப் பெரியவர் அன்று யெஸ் போட்டார். கதவருகில் நின்று துண்டறிக்கையை முழுக்கப் படித்துவிட்டு, "கட்டி முடித்ததும் வந்து சொல், நான் போய்ப் பார்க்க வேண்டும்" என்றார். இப்போதும் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது என்னைப் பார்த்தால் புருவத்தை மட்டும் உயர்த்துவார்.

பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் சொன்ன பதிலுக்கும் வருகிறேன். மாவட்டத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது, சில வருடத்தில் போர்ட்டபிள்களே தேவைப்படாது, அதனால் புதிதாகக் கட்டுவது வீண் என்றார். மாநிலம் முழுக்கப் பிள்ளைகள் குறைவது உண்மை. அப்படியானால் முதலில் காலியாக வேண்டியது எது? பி-4 அல்லவா? பிரதான கட்டடத்தில் 11ஆம் எண் அறையில் பழைய மேசைகளையும் கோவிட் காலத்துக் கண்ணாடித் தடுப்புகளையும் அடுக்கிவைத்திருக்கிறீர்கள். மேசைகள் நல்ல அறையிலும் பிள்ளைகள் போர்ட்டபிளிலும் இருக்கிறார்கள். புதிதாகக் கட்ட வேண்டாம் என்ற முடிவுக்குக்கூட நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் அதை ஒரு திட்டமாக, தேதியோடு, எங்கள் முன்னால் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மாநிலத்தின் பங்கு பற்றியும் அன்று யாரும் பேசவில்லை. 2020 மார்ச்சில் 15 பில்லியன் டாலர் மாநிலப் பாண்ட் தோற்றது. அதற்கும் 13 என்றே எண் விழுந்து, 1978இன் பழைய 13ஐத்தான் தொடுகிறார்கள் என்று பலர் பயந்ததும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். பிறகு 2024 நவம்பரில் 10 பில்லியன் டாலர் ப்ராப்பசிஷன் 2 வென்றது. அதில் 8.5 பில்லியன் பள்ளிகளுக்கு. பழைய கட்டடத்தைச் சீரமைக்க நூற்றுக்கு அறுபது பங்கை மாநிலம் கொடுக்கும், மீதி நாற்பதை மாவட்டம் போட வேண்டும். வசதி குறைந்த மாவட்டங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. இருபது வயதைத் தாண்டிய போர்ட்டபிள் இந்தச் சீரமைப்புப் பணத்துக்குத் தகுதி பெறும். பி-4க்கு இருபத்தொன்பது வயது. வரிசையில் முன்னால் நிற்பவருக்கு முன்னால் கிடைக்கும். அந்த நாற்பது பங்காக இருந்த பணம்தான் இப்போது புல்லாகப் போகிறது. மாநில வரிசையில் நாம் நிற்கிறோமா?

இவ்வளவுக்குப் பிறகும் நான் பாண்ட் வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை. 1933 மார்ச் 10ஆம் தேதி லாங் பீச்சில் பூகம்பம் வந்தது. எழுபது பள்ளிகள் இடிந்தன. நேரம் மாலை 5.54. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். ஒரே மாதத்தில் ஃபீல்டு சட்டம் வந்தது. கலிஃபோர்னியாவில் பொதுப் பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தை மாநிலம் பார்க்காமல் கட்ட முடியாது என்பது அன்றிலிருந்துதான். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் தேதி தீப்பிடித்தது காலை நேரத்தில். 94 பிள்ளைகள் போனார்கள். பள்ளிகளின் ஓலைக்கூரை பற்றி அரசு விழித்தது அதற்குப் பிறகு. பள்ளிக் கட்டடம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அந்தத் தேதி நினைவுக்கு வராமல் போகாது. நல்ல கட்டடத்துக்குப் பணம் வேண்டும், அந்தப் பணத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதனால் கேட்கிறேன்.

ஜூன் கூட்டத்தின் மறு ஒதுக்கீட்டை ஜூலைக் கூட்டத்தில் மறுபடி எடுங்கள். கன்சென்ட் மூட்டைக்குள் போடாமல், தனிப் பொருளாக, விவாதத்தோடு, பெயர் சொல்லி வாக்கெடுப்போடு. அதுவரை புல்லுக்கும் விளக்குக்கும் ஒப்பந்தம் போடாதீர்கள்.

2018 பாண்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன சொன்னீர்கள், எவ்வளவு செலவாயிற்று, என்ன மீதி, எது எங்கே மாற்றப்பட்டது என்பதை ஒரு பக்கத்தில் அட்டவணையாக வெளியிடுங்கள். தணிக்கை அறிக்கையின் எண்பது பக்கத்தைக் காட்டி அதில் இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். அதைப் படித்தேன், பள்ளிவாரியாக அதில் இல்லை.

மேற்பார்வைக் குழுவின் மூன்று காலியிடங்களையும் புதிய பாண்டுக்கான தீர்மானத்துக்கு முன்பே நிரப்புங்கள். நவம்பர் வாக்குச் சீட்டில் வர வேண்டுமென்றால் ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் நீங்கள் தீர்மானம் போட்டாக வேண்டும். அதற்கு நேரம் இருந்தால் இதற்கும் இருக்கும். ஆள் கிடைக்கவில்லை என்றால் பெற்றோர் இடத்துக்கு இதையே என் விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளுங்கள். வரி செலுத்துவோர் சங்கத்தில் இருக்கும் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். புருவத்தை உயர்த்துவாரே, அவர்தான்.

புதிய பாண்டின் திட்டப் பட்டியலில் "தேவைக்கேற்ப, எல்லாப் பள்ளிகளிலும்" என்ற வரியை எடுத்துவிட்டு, பள்ளியின் பெயரையும் அறையின் எண்ணையும் எழுதுங்கள். எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்துங்கள். இருபது வயது தாண்டிய போர்ட்டபிள்கள் முதலில் வரட்டும். மைதானமும் வேண்டுமென்றால் அதையும் வெளிப்படையாக எழுதுங்கள். துண்டறிக்கையில் அதன் படத்தையும் போடுங்கள். பத்து வருடம் தாங்கும் பொருளைப் பத்து வருடக் கடனில் மட்டும் வாங்குவோம், வட்டியைத் தள்ளிப்போட்டுக் குவிக்கும் வகைப் பத்திரம் விற்க மாட்டோம் என்று தீர்மானத்திலேயே சொல்லுங்கள்.

மாநிலச் சீரமைப்பு நிதிக்கு எங்கள் பள்ளியின் பெயரில் விண்ணப்பம் போயிருக்கிறதா, போயிருந்தால் எந்தத் தேதியில் என்பதை ஜூலைக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

கடைசியாக, பாண்டுக்காகக் காத்திருக்க வேண்டாத ஒன்று. மாவட்டத்தின் பொதுச் செலவில் மூன்று விழுக்காட்டை வழக்கமான பராமரிப்புக்கென்று தனியாக வைக்கிறீர்கள். அதிலிருந்து எடுத்து, ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்குள் 11ஆம் எண் அறையில் இருக்கும் மேசைகளை பி-4க்கு மாற்றுங்கள், பி-4இன் பிள்ளைகளை 11ஆம் எண் அறைக்கு மாற்றுங்கள். ஒரு சனிக்கிழமை போதும். தூக்கிவைக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் தெருவிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிவருகிறேன்.

ஜூலைக் கூட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
பி-4 அறையில் மூன்றாம் வகுப்புப் படித்த இரண்டு பிள்ளைகளின் அப்பா